மூடிய தொட்டிக்குள் சிவந்த மீன்

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். செருப்பைக் கழற்றிய கையோடு மீன் தொட்டிமேல் போர்த்தியிருந்த பச்சைத் துண்டை உருவினேன். உள்ளே மேனேஜர் சிவப்பாக நின்றுகொண்டிருந்தார்.

சிவப்பு என்றால் சும்மா சிவப்பு இல்லை, பழுத்த மிளகாயின் சிவப்பு. விலாவில் இருக்கும் கறுப்புப் பூக்கள் மை தொட்டு எழுதியதுபோல் தெளிவாக இருந்தன. வாலை விரித்துக்கொண்டு, கண்ணாடியை ஒட்டி, தொட்டியின் நட்ட நடுவில் நின்றார்.

மேனேஜர் என்பது எங்கள் வீட்டு மீன். ஃப்ளவர்ஹார்ன் என்று கடையில் சொல்வார்கள். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு, எந்நேரமும் யாரையோ திட்டப் போகிற வாய். அதைப் பார்த்துவிட்டு என் மகள் நித்யா வைத்த பெயர். பெயர் வைத்த பிறகு மரியாதை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டில் மேனேஜரை யாரும் 'அது' என்று சொல்வதில்லை.

நான் ஏன் அப்படி வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்று சொல்ல வேண்டும். காலையில் வேலைக்குப் போகும்போது விளக்கை அணைத்து, துண்டைப் போர்த்திவிட்டுப் போகிறேன். பகல் முழுக்க உள்ளே இருட்டு. இருட்டில் இருந்தால் மீன் வெளுத்துவிடும். சாயங்காலம் துண்டை எடுத்தால் ஃபில்டருக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒடுங்கிக் கிடப்பார். விளக்கைப் போட்டு, நான் காபி குடித்து, குக்கர் வைத்து, அது விசில் அடித்து ஓய்ந்த பிறகுதான் நிறம் மெல்ல ஏறும். தினமும் இதுதான் நடக்கும்.

அன்று துண்டை எடுத்த நொடியிலேயே சிவப்பு.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். திருஷ்டி கழிந்தது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நித்யாவுக்குப் போட்டோ அனுப்பினேன். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில், பாடியில் பஸ் இறங்கியதும் மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தேன்.

ஓரிடத்தில் நிற்காதவள்

போன வாரம் இந்தத் தொடரில், நான் வளர்ந்த ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்களுக்கு ஓர் இடத்தில் உட்காரவே தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார். தெரியாது அம்மா. சத்தியமாகத் தெரியாது.

டி.வி. பார்க்கும்போதே எழுந்து மெத்தை உறையை மாற்றுகிறவள் நான். மனசு சரியில்லை என்றால் பீரோவை நகர்த்துவேன். மனசு சரியாக இருந்தால் கட்டிலை நகர்த்துவேன். வேலை முடித்து இருட்டில் வந்த என் கணவர் பாஸ்கர், காலையில் கிளம்பும்போது இல்லாத நாற்காலியில் இடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். அப்போதும் என்னைத் திட்டவில்லை. நாற்காலியைத்தான் ஒரு பார்வை பார்த்தார்.

அவர் எனக்கு நேர் எதிர். அயனம்பாக்கத்தில் பிறந்து, அயனம்பாக்கத்திலேயே வளர்ந்து, ஏரிக்குப் பக்கத்திலேயே ஃபிளாட் வாங்கியவர். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். திருமழிசை எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை. விடிந்தும் விடியாமலும் தெருமுனைக்குக் கம்பெனி வேன் வரும், நடந்துபோய் ஏறிக்கொள்வார். விளக்கு வைத்த பிறகு வருவார். நான் பாடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முன்மேசையில் இருக்கிறேன். அவருக்குப் பின்னால் கிளம்பி, அவருக்கு முன்னால் திரும்பிவிடுவேன்.

"தொட்டிய மட்டும் நகத்தாத"

நித்யா கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன அன்று ஆட்டோவில் ஏறிவிட்டு என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை, "நல்லா சாப்பிடும்மா" இல்லை. "அம்மா, எதை வேணா நகத்து. தொட்டிய மட்டும் நகத்தாத."

நகர்த்தினேன். பிள்ளை இல்லாத வீட்டில் வேறு என்ன செய்வது? ஹாலில் இருந்ததை ஜன்னலோரம் கொண்டுபோனேன். வெயில் படுகிறது என்று சமையலறை வாசலுக்குக் கொண்டுவந்தேன். மிக்ஸி சத்தம் என்று மறுபடி ஹாலுக்கே, ஆனால் வேறு மூலைக்கு. ஒவ்வொரு முறையும் தண்ணீரைப் பாதி இறைத்துவிட்டுத் தூக்க வேண்டும். பாஸ்கர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"இன்னா மேனேஜர், டிரான்ஸ்ஃபரா?" என்று அவர் மீனிடம்தான் கேட்பார்.

அந்தச் சமயத்தில்தான் மூன்றாவது மாடி அக்கா உறைக்கு மோர் கேட்டு வந்தார். தொட்டியைப் பார்த்துவிட்டு, "அம்மாடி, என்னா செவப்பு! கண்ண பறிச்சுக்கினு போவுது" என்றார். மறுநாள் மேனேஜர் வெளுத்துவிட்டார். ஃபில்டருக்குப் பின்னால் போனவர் வெளியே வரவில்லை. தீனி போட்டால்கூட, நான் நகர்ந்த பிறகுதான் வந்து கவ்விக்கொண்டு ஓடினார். நெற்றிப் புடைப்பும் கொஞ்சம் வற்றினாற்போல் இருந்தது.

அம்பத்தூரில் மீன் கடை வைத்திருக்கும் தாஸிடம் போய் நின்றேன். அந்த மீனை விற்றவரே அவர்தான்.

"பயந்துகீதும்மா. ஊட்டுக்கு யார்னா வந்தாங்களா?"

மூன்றாவது மாடி அக்காவைப் பற்றிச் சொன்னேன்.

"அவ்ளோதான், கண்ணு பட்டுச்சு. இது மாதிரி சாதி மீனுக்கு படக்குனு புடிச்சுக்கும். இந்தத் தீனிய போடு, செவப்பு ஏறும். கொஞ்ச நாளைக்கு யார் கண்ணுலயும் காட்டாத, மறைச்சு வெய்யி."

அவர் கடையில் தெருவைப் பார்த்து வரிசையாகத் தொட்டிகள். ஊரே நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறது. அந்த மீன்களுக்கு ஏன் கண் படவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து உப்பும் மிளகாயும் எடுத்துத் தொட்டியைச் சுற்றினேன். பாஸ்கர் சோபாவில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள போட்டுடாத கலா, ஊறுகா ஆயிடும்" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு மிளகாயை அடுப்பில் போட்டேன். ரெண்டு பேருக்கும் இருமல் வந்தது. கமறல் இருந்தால் கண் படவில்லை என்று அர்த்தம் என்பார்கள். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து பச்சைத் துண்டு போட ஆரம்பித்தேன்.

ஏற்கெனவே பயந்து வெளுத்த மீனை இருட்டில் வைத்தால் இன்னும் வெளுக்கும். நான் இன்னும் கெட்டியாக மூடினேன்.

ஊறுகாய் பாட்டிலும் ஒரு கண்ணாடித் துண்டும்

மீன் நிறம் மாறுவது எனக்குப் புதிது இல்லை. குவார்ட்டர்ஸில் இருந்தபோது என் அண்ணன் ஊறுகாய் பாட்டிலில் ஃபைட்டர் மீன் வளர்த்தான். பாட்டிலுக்கு வெளியே ஒரு உடைந்த முகக்கண்ணாடியை வைப்பான். அதுவரை வெளிறிய நீலமாக இருந்த மீன் கறுத்து, செவுளை விரித்துக்கொண்டு தன் நிழலோடு சண்டைக்குப் போகும். கண்ணாடியை எடுத்தால் கொஞ்ச நேரம் தேடும். பிறகு நிறம் இறங்கி, அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"இது நம்ம வரிசை வீட்டுல எல்லாரையும் மாதிரிதான், ஆளப் பாத்தா நிறம் மாறிடும்" என்று அம்மா சொல்வாள். குவார்ட்டர்ஸில் ஒரு கதவுக்கும் அடுத்த கதவுக்கும் நடுவே எந்த ரகசியமும் தங்காது. அப்பாவுக்கு மெமோ கொடுத்தால், ஃபேக்டரிச் சங்கு ஊதி அவர் சைக்கிளில் வீடு சேருவதற்குள் பக்கத்து வீட்டு அத்தை அம்மாவிடம் வந்து, "கவலப்படாத" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள். திருநெல்வேலிக்காரர்கள், சேலத்துக்காரர்கள், மதுரைக்காரர்கள் எல்லாரும் ஒரே சங்குக்கு எழுந்து ஒரே சங்குக்குச் சாப்பிட்டோம். ஒரு மனிதர் வேலை நேரத்தில் தெருவில் நடந்தால் நான்கு ஜன்னல் திறக்கும். அங்கே ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

இப்போது நாங்கள் இருக்கும் ஃபிளாட்டில் எதிர்வீட்டுக்காரர் தாடி வளர்த்ததே அவர் அதை எடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த அத்தியாயத்தை எழுதலாமா என்று பாஸ்கரிடம் கேட்டேன். "என்னையா கேக்கற? மேனேஜர கேளு" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூடி சுட்டது

தேங்காய் உடைத்த பிறகும் நாட்கள் போயின. சாயங்காலம் துண்டை எடுத்தால் மேனேஜர் தினமும் சிவப்பு. நான் நித்யாவிடம் பீற்றிக்கொண்டேன், தாஸிடம் போய் நன்றி சொன்னேன். மூன்றாவது மாடி அக்காவைப் படியில் பார்த்தபோது வெற்றிச் சிரிப்பு ஒன்று சிரித்தேன். பாவம், அவரும் சிரித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை. பஸ் சீக்கிரம் கிடைத்ததால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டேன். துண்டை எடுத்தேன். தொட்டியைத் துடைக்கலாம் என்று மேல் மூடியைத் தொட்டேன்.

மூடி சூடாக இருந்தது.

அந்த மூடியில்தான் விளக்கு இருக்கிறது. காலையில் நான் அணைத்துவிட்டுப் போன விளக்கு. நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. இப்போதுதான் யாரோ அணைத்திருக்கிறார்கள்.

திருடன் மீனுக்கு விளக்குப் போடமாட்டான். வீட்டுச் சாவி இன்னொன்று ஒருவரிடம்தான் இருக்கிறது.

அன்று விளக்கு வைத்த பிறகு பாஸ்கர் வந்தார். வழக்கம்போல வியர்வை, வழக்கம்போல தோளில் பை. அவர் வாசலில் ஷூவைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே மேனேஜர் அந்தப் பக்கத்துக் கண்ணாடிக்கு ஓடினார். உடம்பை வளைத்து வளைத்து ஆடினார். ராத்திரி தீனி போடுகிறவள் நான். எனக்கு அவர் ஒரு நாளும் அப்படி ஆடியதில்லை. நான் கிட்டே போனால் இன்னும் ஃபில்டருக்குப் பின்னால்தான் போவார். கூச்சம் தெளிய வேண்டும் என்றால் யாராவது நாள் முழுக்க எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.

"இன்னிக்கு வேலை எப்படி?" என்று கேட்டேன்.

"எப்பவும் போலதான். லைன்ல எதோ கோளாறு, கொஞ்ச நேரம் நின்னுச்சு" என்றார்.

பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவ்வளவு சரளமாக வந்தது. உடம்புக்கு ஏதாவதா? வேறு யாராவதா? அன்று இரவு பீரோவை நகர்த்தினேன். அவரும் எழுந்து வந்து ஒரு பக்கம் பிடித்தார், ஏன் என்று கேட்கவில்லை.

என் வீட்டு அழைப்புமணி

திங்கட்கிழமை தலைவலி என்று சொல்லிவிட்டு மதியமே கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். படி ஏறி, பையிலிருந்து சாவியை எடுத்து, பூட்டுக்கு நேரே கொண்டுபோன பிறகு உள்ளே அவர் குரல் கேட்டது.

"இன்னா மேனேஜர், சாப்டியா? நான் இன்னும் சாப்புடல. இன்னிக்கும் எங்கயும் கூப்புடல. ஒண்ணும் அவசரம் இல்ல, இன்னா? நீ மொதல்ல சாப்புடு."

வேறு யாரும் பதில் சொல்லவில்லை. காற்றுமோட்டாரின் குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது.

சாவி கையிலேயே இருந்தது. திறந்திருக்கலாம். திறந்தால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். என்னால் முடியவில்லை. சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு, என் வீட்டு அழைப்புமணியை நானே அடித்தேன். தயாராகிக்கொள்ளட்டும், முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து ஏதாவது ஒரு பொய் சொல்லட்டும் என்று நினைத்தேன்.

பேச்சு நின்றது. கதவுக்கு அடியில் தெரிந்த வெளிச்சம் மங்கியது. தொட்டி விளக்கை அணைத்துவிட்டார். காலடிச் சத்தம்கூட இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்கிறார் என்று தெரிந்தது. ஐம்பதை நெருங்கும் ஆண்பிள்ளை, தன் சொந்த வீட்டில்.

நான் சத்தமில்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

ஏரிக்கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். முழங்கால் வலிக்கிற வரை நடந்துவிட்டு, அவரோடு வேலை பார்க்கும் செல்வத்துக்குப் போன் போட்டேன். எங்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர், இவருக்கு உயிர் நண்பர்.

"அண்ணி, அவன் உங்ககிட்ட சொல்லலியா?" என்றார் செல்வம். "தீபாவளிக்கு முன்னாலயே அந்த லைன மூடிட்டாங்க அண்ணி. என்னை வேற எடத்துல போட்டாங்க. அவன அனுப்பிட்டாங்க. லாக்கர காலி பண்ணிகினு எங்க எல்லார்க்கும் டீ வாங்கிக் குட்த்துட்டுப் போனான்."

தீபாவளிக்கு எனக்குப் புடவை எடுத்துக் கொடுத்தார். நித்யா வந்திருந்தாள். மூன்று பேரும் பூந்தமல்லிக்குப் போய் பிரியாணி சாப்பிட்டோம். அவர் எலும்பைச் சுவைத்தபடி ஜோக் அடித்தார். அதையெல்லாம் நினைத்துக்கொண்டு கரையில் நின்று அழுதேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கண்ணைத் துடைக்கும்போதே என் மனசு ஓட ஆரம்பித்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அண்ணனுக்குத் தெரிந்த முதலாளி இருக்கிறார். எங்கள் கூடத்துக்கு ரத்தப் பரிசோதனைக்கு வரும், ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கும் ஹெச்.ஆர். அம்மா இருக்கிறார். வீடு திரும்புவதற்குள் மனசுக்குள் ஊரையே கூட்டிவிட்டேன். அந்த இரவு ஒன்றும் கேட்கவில்லை. அவர் தூங்கினார், நான் தூங்கவில்லை.

ஒரு கால் ஷூ

விடிந்ததும் அவர் வாசலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலுக்கு முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"செல்வத்துகிட்ட பேசினேன்" என்றேன்.

அவர் நிமிரவில்லை. ஷூவைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்து பெல் அடிச்சது நீயா?"

"ஆமா."

"சாவி வெச்சிருந்தியே."

"வெச்சிருந்தேன்."

அவர் முகம் என்னவோபோல் ஆனது. அழவில்லை. ஷூவை மெதுவாகக் கீழே வைத்தார். காலையில் கிளம்பி ஏரிக்கரை டீக்கடையில் உட்கார்ந்திருப்பாராம். நான் பஸ் ஏறியதும் வீட்டுக்கு வந்துவிடுவாராம். சாயங்காலம் நான் வருவதற்குள் துண்டைப் போர்த்திவிட்டு வெளியே போய்விடுவாராம். கம்பெனியில் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தைத்தான் மாதாமாதம் சம்பளம் என்று என்னிடம் கொடுத்தாராம். இரண்டு இடத்தில் வேலை கேட்டிருக்கிறாராம். வயதைக் கேட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம்.

எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. பயம் போனதும் வருகிற கோபம்.

"மீன்கிட்ட சொல்ல முடிஞ்சுது. இத்தனை வருஷம் கூட இருக்கிறவகிட்ட சொல்ல முடியலையா? நான் என்ன, மீனைவிடக் கேவலமா போயிட்டேனா?"

"அது ஒண்ணும் பண்ணாது கலா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்து பார்த்தேன். கையில் போன் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது. திரையில் அண்ணனின் எண்.

"பாத்தியா, இதுக்குத்தான்" என்றார். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. "உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு இல்ல. சொன்ன அடுத்த நிமிசம் நீ கெளம்பிடுவ. அவரப் பாருன்னுவ, இவரப் பாருன்னுவ. தேடியும் குட்த்துடுவ, அதுவும் எனக்குத் தெரியும். ஆனா அந்த மெசினு சத்தம் இன்னும் என் காதுலயே கீது கலா. அது அடங்கற வரைக்கும் எங்கனா சும்மா உக்காந்துகினு இருக்கணும்னு இருந்துச்சு. நாளைக்கு சொல்லிக்கலாம், நாளைக்கு சொல்லிக்கலாம்னு ஓடிப்போச்சு."

என்னிடம் பதில் இருந்தது. நிறைய இருந்தது. நித்யாவின் படிப்பு, என் பயம், தீபாவளிப் புடவை எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. விரல் இன்னும் அந்த எண்ணின்மேல்தான் இருந்தது. அண்ணன் எழுந்திருப்பான், இப்போது போட்டால் எடுப்பான் என்று மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டது.

போனை டி.வி.க்குப் பின்னால், எட்டாத இடத்தில் வைத்தேன். முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கால் தானாக ஆடியது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு காலில் ஷூவோடு அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். மூச்சு மெல்லச் சீரானது. வெளியே பால்காரர் வந்து போனார், வெயில் ஜன்னலுக்கு வந்தது, என் பஸ் போகிற நேரமும் போய்விட்டது.

"ஆபீஸுக்கு நேரம் ஆவல?" என்று கேட்டார்.

"ஆகுது" என்று சொன்னேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தேயிருந்தேன்.